அரை அங்குல ஆணி

சனிக்கிழமை காலை கராஜில் விளக்கைப் போட்டதும் ஆர்லனின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பச்சைதான். சுவரோரத் தட்டில் அவனுடைய மஞ்சள் பேட்டரிகள் ஏழும் எப்போதும்போல வரிசையாக இருந்தன. அவற்றின் கோடியில் புதிதாக ஒரு சார்ஜர். அதன்மேல் ஒரு பச்சை பேட்டரி சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்து மெல்லக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, அவனுடைய கந்தல் துணியையே விரித்து, அதன்மேல் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஆணித் துப்பாக்கி.

ஆர்லன் அதைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருடம் அந்த ஏரிக்கரை ஊரில் வீடுகளுக்கு மரச்சட்டம் எழுப்பியவன் அவன். அவனைப் போன்றவர்களுக்கு நிறம் என்பது லேசான விஷயம் இல்லை. ஒரு நிறத்து பேட்டரி இன்னொரு நிறத்துக் கருவியில் பொருந்தாது. முதல் துளைப்பானை எந்த நிறத்தில் வாங்குகிறோமோ அந்த நிறத்திலேயே அடுத்த ரம்பமும் அதற்கடுத்த விளக்கும் வந்துசேரும். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்பது மாதிரி. முப்பது வருடமாக இந்த வீடு மஞ்சள். பச்சை யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி ரோண்டா செவ்வாய்க்கிழமைதோறும் போகிற மரவேலைக் குழுவின் போன வருட ஈஸ்டர் மேளாவில், லைலின் மேஜையில் எல்லாமே பச்சையாக இருந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

சமையலறையில் ரோண்டா காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச் பிறந்தும் முற்றத்தில் பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது.

"கராஜ்ல பச்சையா ஒண்ணு உக்காந்திருக்கே?" என்றான்.

"லைல் குடுத்தான். பின் நெய்லர், ஊசி ஆணி அடிக்கறது. ஒரு வாரம் வச்சுப் பாரு, பிடிச்சா உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோன்னான்."

"நம்மகிட்ட இல்லாத ஆணித் துப்பாக்கியா? நாலு இருக்கு."

"இருக்கு. வீடு கட்டறதுக்கு இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிசம்பரில் நடந்தது இருவருக்குமே நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடமாக ரோண்டா சின்னச் சின்னப் பெட்டிகள் செய்கிறாள். சமையல் குறிப்பு அட்டைகளைப் போட்டு வைக்கிற பெட்டிகள். மேப்பிள் பலகையில் உடம்பு, மேல் விளிம்பில் வால்நட் மரத்தின் மெல்லிய கருப்புப் பட்டை. அந்தப் பட்டையைப் பசை போட்டு ஒட்டினால் காய்வதற்குள் வழுக்கி நகரும். அதை நகராமல் பிடித்து வைக்க ஒரு ஆணி வேண்டும் என்று அவள் கேட்டபோது ஆர்லன் தன்னிடமிருந்ததிலேயே சின்னத் துப்பாக்கியை எடுத்து, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரை ஓடவிட்டு, ஒரே ஒரு ஆணி அடித்தான். பட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பறந்தது. "இதுக்கு ஆணி எதுக்கு ரோண்டா, எச்சிலத் தொட்டு ஒட்டு, போதும்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்த நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது என்று அவன் அன்று நினைத்தான்.

"அவன் வீட்ல ஒரு மேஜை காலியா கெடக்காம்" என்றாள் ரோண்டா, ஜன்னலைப் பார்த்தபடியே. "வேணும்னா எடுத்துக்கோன்னான். நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

"இங்க மேஜைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

அந்த "ஒண்ணும் இல்ல" அவனோடேயே அன்று முழுக்க நடமாடியது. லைல் பல் கட்டுகிறவன். ஊரில் பாதிக் கிழவர்களின் வாயில் அவன் கைவேலைதான் இருக்கிறது. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மெலிந்த உடம்பு, வெள்ளை முடி, சத்தமில்லாத பேச்சு. கடைவாய்ப் பல்லைத் தேய்த்துத் தேய்த்து மயிரிழைக்குப் பொருத்திப் பழகிய கை. அந்தக் கையும் ரோண்டாவின் கையும் ஒரே விளக்கின் கீழ் ஒரு சின்னப் பெட்டியின்மேல் குனிந்திருப்பதை ஆர்லன் பார்த்தான். பார்க்க வேண்டாம் என்று நினைக்க நினைக்க இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அதுதான் அவனை அதிகம் வதைத்தது. பேசாமல் இருப்பது அவனும் அவளும் நாற்பது வருடமாகச் சேர்ந்து சேர்த்த சொத்து. அதை அவள் வேறொருவன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவாளோ?

ஞாயிற்றுக்கிழமை ரோண்டா தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது அவன் கராஜுக்குப் போனான். முதலில் பார்க்கத்தான் போனான். துப்பாக்கியின் பக்கத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றில் அரை அங்குல ஆணி, இன்னொன்றில் ஒரு அங்குலம். தலையே இல்லாத ஆணிகள், தையல் ஊசியைவிட மெல்லியவை, சீப்பின் பல்போல ஒட்டிக்கொண்டிருந்தன. டப்பாவின்மேல் லைலின் பொடி எழுத்தில், "பெட்டிக்கு இது", "பெட்டிக்கு வேண்டாம்". ஆர்லன் துப்பாக்கியில் மாட்டியிருந்த பேட்டரியைக் கழற்றினான். உள்ளே இருந்த அரை அங்குல ஆணிகளை எடுத்துவிட்டு ஒரு அங்குல ஆணிகளைத் தள்ளி மூடி, பேட்டரியை மறுபடி மாட்டினான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. நீளமான ஆணி அந்த ஒல்லிப் பலகைக்குள் நேராக இறங்காது, மரத்தின் ரேகையோடு வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும், பெட்டி கெட்டுப்போகும், இந்தப் பச்சைச் சனியன் லாயக்கில்லை என்று அவள் சொல்வாள். அவ்வளவுதான் அவன் நினைத்தது. அவ்வளவுதானா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். வேலைக்கு வந்த ஒவ்வொரு புது ஆளிடமும் முதல் நாள் அவன் சொன்ன பாடம் ஒன்று உண்டு: ஆணி எங்கே போகும் என்று உனக்குத் தெரியாது, அதனால் விரலை அங்கே வைக்காதே.

திங்கட்கிழமை காலை அவள் மேஜையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவன் எதிர்ப்பக்கம் ஓர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான், தீட்ட வேண்டிய அவசியமில்லாத உளி. பசையைப் பூசி, பட்டையை வைத்து, இடது கையால் பெட்டியின் பக்கத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் விசையை அழுத்தினாள். டப். கதவைச் சாத்துகிற சத்தம்கூட இல்லை, யாரோ நாக்கைச் சொடுக்கியது மாதிரி. இன்னொன்று. டப். அவன் தலையைத் தூக்கவில்லை. மூன்றாவதற்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு கேட்டது.

"ஆர்லன்."

அவள் கத்தவில்லை. இடது ஆள்காட்டி விரலைப் பெட்டியோடு ஒட்டி வைத்தபடி அப்படியே நின்றாள். பலகையின் பக்கத்திலிருந்து வெளியே வந்த ஆணி விரலின் சதைக்குள் போயிருந்தது. ரத்தம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவன் விளக்கை இழுத்து, அவளுடைய கையைப் பிடித்தான். "அசையாத. ஒண்ணும் இல்ல. அசையாத." முதலில் விரலைப் பெட்டியிலிருந்து நேராக இழுத்தான். அது வந்தது. பிறகுதான் ஒரு சொட்டு ரத்தம். அதைத் துடைக்க அவன் அவளுடைய கையைத் திருப்பியபோது கட்டைவிரலின் அடி மூட்டு அவன் உள்ளங்கையில் பட்டது. ஒரு கோலிக்குண்டைப்போல வீங்கி, சூடாக இருந்தது. அது ஆணியால் வந்ததில்லை. பழைய வீக்கம்.

"இது என்ன?"

"அதுவா? போன வருஷத்துலேர்ந்து இருக்கு." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "பசை காயற வரைக்கும் பிடிச்சு வைக்க கிளாம்பத் திருகி இறுக்க முடியல. அதான் ஆணி கேட்டேன்."

அவள் உள்ளே போய் விரலைக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மதியம் அவள் தூங்கும்போது ஆணிகளை மறுபடி மாற்றிவிடலாம் என்று அவன் கராஜுக்கு வந்தான். துப்பாக்கி காலியாக இருந்தது. ஒரு அங்குல ஆணிகள் அவற்றின் டப்பாவுக்குள் திரும்பப் போயிருந்தன. மூடி இறுக்கமாகச் சாத்தியிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில், "வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் ஒண்ணு வாங்கப் போறேன். லைலோடதத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

"நான் குடுத்துடறேன்" என்றான் ஆர்லன்.

அவள் அவனை ஒரு நொடி பார்த்தாள். "சரி."

லைலின் பட்டறை வீட்டின் பின்னால், பழைய மாட்டுக்கொட்டகையில் இருந்தது. உள்ளே கணகணப்பு அடுப்பு எரிந்தது. தரையில் ஒரு சுருள் மரத்தூள்கூட இல்லை. ஆர்லன் நுழையும்போதே அந்த மேஜையைத் தேடினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. கிழக்கு ஜன்னலின் கீழ் துடைத்து வைத்த ஒரு மேஜை, பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் கால்கள் புதிதாக அறுக்கப்பட்டிருந்தன, அறுத்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. ரோண்டா குள்ளம்.

"விரல் எப்படி இருக்கு?" என்றான் லைல்.

"ஆறிடுச்சு. உனக்கு யார் சொன்னா?"

"செவ்வாய்க்கிழமை குழுவுக்கு வரல, அவதான் போன் பண்ணினா. ஆணிய மாத்திப் போட்டுட்டாளாம். சாரி சொன்னா, எங்கிட்டப் போய். நான் அரை அங்குலம் போட்டுத்தான் குடுத்தேன், அதான் எப்படின்னு கேட்டேன். நானே மாத்தினேன், கண்ணு தெரியல, கெழவி ஆயிட்டேன்னு சிரிச்சா." லைல் துப்பாக்கியை வாங்கித் துணியால் ஒருமுறை துடைத்து அதன் கூட்டில் வைத்தான். "ரோண்டாவுக்குக் கண்ணு தெரியலன்னா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது."

ஆர்லன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சூடானது, அடுப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். தன்னை இவனிடம் காட்டிக்கொடுக்காமல் அவள் ஒரு பொய்யைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் அவனுக்கு ஒரு கேவலமான சந்தோஷம் எழுந்தது: இவனுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. எழுந்த வேகத்திலேயே அது கசந்தது.

"இந்தப் பச்சைய நீதான அவ தலையில கட்டற?" என்றான்.

லைல் நிமிர்ந்தான். "நானா? நான் காத்துல ஓடறதத்தான் வாங்கச் சொன்னேன். இது அஞ்சு பவுண்டு கனம். காத்துத் துப்பாக்கி ரெண்டு பவுண்டுகூட இல்ல. அந்தக் கட்டைவிரல வச்சுக்கிட்டு இத எவ்ளோ நேரம் தூக்குவா? வீட்லயே நல்ல கம்ப்ரஸர் இருக்கே, ஆர்லன் இருக்கானேன்னேன். வேண்டாம், பேட்டரிதான் வேணும்னா."

"ஏன்?"

"அத எங்கிட்டக் கேட்டா?"

அந்தக் கட்டைவிரல். வீடு திரும்பும் வழியெல்லாம் ஆர்லனின் காதில் அந்த மூன்று எழுத்துச் சொல் "அந்த" ஒலித்துக்கொண்டே வந்தது. எவனோ ஒரு பல் கட்டுகிறவனுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணி நேரம் எதிரில் உட்காருகிறவனுக்கு, அது தெரிந்திருக்கிறது. அவன் பொறாமைப்பட வந்தது வேறொன்றுக்கு. அதற்கு இடமே இருக்கவில்லை. இதற்கு எங்கே போய்ப் பொறாமைப்படுவது? பார்த்தவன் பார்த்தான். கண்ணைத் திறந்து வைத்திருந்ததைத் தவிர லைல் வேறென்ன திருடினான்?

வெள்ளிக்கிழமை நாற்பது மைல் போவதற்குள் இருவரும் பேசியது, முன்னால் போன பால் வண்டியைத் தாண்டலாமா வேண்டாமா என்பதைப் பற்றி மட்டும். கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், சட்டையில் ஷெல்பி என்று பெயர் தைத்திருந்தது. ரோண்டாவை விட்டுவிட்டு ஆர்லனைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள். "சொல்லுங்க சார், உங்க வீடு என்ன கட்சி? மஞ்சளா பச்சையா?"

"வாங்கறது நான்" என்றாள் ரோண்டா.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க என்ன கட்சி?"

"இன்னும் ஓட்டுப் போடல."

ஷெல்பி சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்து முன்னால் வைத்தாள். ரோண்டா பேட்டரித் துப்பாக்கியைத் தூக்கினாள், முதலில் ஒரு கையால். மணிக்கட்டு கீழே சரிந்தது. இடது கையை அடியில் கொடுத்தாள். பிறகு காற்றுத் துப்பாக்கி. அதைத் தூக்கியபோது அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்ததை ஆர்லன் பார்த்தான். இந்த வாரம் முழுக்க அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான், தாமதமாகப் பள்ளிக்கூடம் சேர்ந்தவன்போல. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பேட்டரியையே எடுத்தாள்.

லேசானதை எடுத்துக்கோ என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அது உண்மை. அவளுடைய விரலுக்கு நல்லது. அவளை அவனுடைய குழாயின் நுனியில் கட்டிவைப்பதும் அதுதான். இந்த இரண்டில் எது தன்னைப் பேச வைக்கிறது என்று அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில், "ஏன் இதுதான் வேணும்?" என்று மட்டும் கேட்டான்.

ரோண்டா துப்பாக்கியைப் பார்த்தபடியே சொன்னாள். "கம்ப்ரஸர் உன் மேஜைக்கு அடியில இருக்கு. எந்தக் கொழாய எந்த அளவுக்குத் திருகணும்னு நீதான் திருகுவ. ஒரு ஆணி அடிக்கணும்னா நீ வர்ற வரைக்கும் நிக்கணும். நீ மீன் பிடிக்கப் போயிட்டா அன்னிக்கு வேலை இல்ல. காத்துக்குக்கூட உன்னக் கேக்கணுமா ஆர்லன்?"

ஷெல்பி எதையோ அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டாள். ஆனால் காது இங்கேயே இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, கீழ்த்தட்டிலிருந்து ரொட்டி டப்பா அளவுக்கு ஒன்றை இழுத்து வெளியே வைத்தாள்.

"இப்படி ஒண்ணு இருக்கும்மா. சின்ன கம்ப்ரஸர். ஒரே ஒரு திருகுதான். சத்தமும் வராது, பக்கத்துல பூனை தூங்கலாம். இதுக்குக் கட்சியே கெடயாது. எந்த வீட்டுச் சுவர்ல சொருகினாலும் ஓடும்."

"எந்த வீட்டுலயும்" என்று ரோண்டா திருப்பிச் சொன்னாள். அவள் குனிந்து அந்தத் திருகை வலது கையால் திருகிப் பார்த்தாள், கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களால். சுற்றியது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கனம்தான். ஆனால் இரண்டு கைக்கும் இடமிருந்தது, அங்கேயிருந்து கதவு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பி வந்தாள். ஆர்லன் தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் அழுத்தி வைத்திருந்தான்.

"இத எடுத்துக்கறேன். அந்த லேசானதையும்."

"ஆணி? எல்லா அளவும் கலந்து ஒரு பெட்டி இருக்கு, அதான் மலிவு."

"வேண்டாம்." ரோண்டா இப்போதுதான் ஆர்லனின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அரை அங்குலம். அரை அங்குலம் மட்டும் குடு."

திரும்பும் வழியில் ஏரியோரக் கடையின் ஜன்னலில் பொரித்த மீனும் பாலாடைக்கட்டி உருண்டையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் போல. வண்டியை ஏரியைப் பார்த்து நிறுத்தினான். பின்னால் அட்டைப்பெட்டிகள் இரண்டும் கித்தானுக்கடியில் இருந்தன. எங்கே இறக்கப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. உறைந்த ஏரியின் பனிக்கட்டிமேல் தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிட்டது.

"திங்கக்கெழமை" என்று ஆர்லன் ஆரம்பித்தான்.

"தெரியும்."

"பெட்டிதான் கெட்டுப்போகும்னு நெனச்சேன்."

கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே வந்தது. "வெரல் எங்க இருக்கும்னு உனக்குத் தெரியாதா, ஆர்லன்?" என்றாள். அது கேள்வி மாதிரியே ஒலித்தது. பதிலை உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்பதுபோல.

தெரியும் என்றாலும் தப்பு, தெரியாது என்றாலும் தப்பு.

அவள் மடியில் பொட்டலத்தைப் பிரித்தாள். மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் வெள்ளைச் சாஸ் சின்னப் பாக்கெட்டுகளில் வந்திருந்தது. ஒன்றை எடுத்து மூலையைப் பல்லில் கடித்து இழுத்தாள். கிழியவில்லை. பாக்கெட்டைத் திருப்பி மறு மூலையைக் கடித்தாள். எத்தனை நாளாக இவள் எல்லாவற்றையும் பல்லால் பிரிக்கிறாள்? ஒரு வருடமாகவே அப்படித்தான் என்று இப்போது அவனுக்குத் தோன்றியது. சீனிப் பொட்டலம், ரொட்டி உறை, கடிதம். அவசரக்காரி என்று நினைத்திருந்தான்.

அவன் மீதியிருந்த நான்கு பாக்கெட்டுகளையும் எடுத்தான். ஒவ்வொன்றாகக் கிழித்து, சிந்தாமல், ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த தட்டில் கண்ணாடியோரமாக நிற்க வைத்தான். அவள் கடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. வெளியே இரண்டு பேர், குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிமேல் நின்ற தங்கள் மீன்பிடிக் குடிசையைக் கயிறு கட்டி ஏரியிலிருந்து கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் பூட்ஸ்களைச் சுற்றித் தண்ணீர் தளும்பியது. ஒவ்வோர் அடிக்கும் நின்று, அடியில் தாங்குகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த அடி வைத்தார்கள்.